ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும்: ஆட்சி, சமூகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடத்தில் இந்த இரண்டு நகரங்களும் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே வரும். ஒரு பக்கம் ஏதென்ஸ்: மக்களாட்சி, நாடகம், தத்துவம். மறுபக்கம் ஸ்பார்ட்டா: படைப்பயிற்சி, கட்டுப்பாடு, எளிமை. தேர்வு எழுத அது போதும். ஆனால் அந்த மக்கள் ஏன் அப்படி ஆண்டார்கள், ஏன் அப்படி வாழ்ந்தார்கள் என்று அதிலிருந்து தெரியாது. வயலில் உழைத்தது யார், அவர்களைப் பார்த்து ஆள்பவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும் என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்கள் அந்த வழியில் போகின்றன. எல்லா ஆண்டுகளும் நூற்றாண்டுகளும் கி.மு.

கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லையா?

இல்லை. ஒரே மொழி, ஒரே தெய்வங்கள், ஒலிம்பியா போன்ற பொதுவான விழாக்கள் இருந்தன. ஆனால் ஒரே அரசு இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனிப் படை. பெரும்பாலானவை சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர்களே. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் அளவில் விதிவிலக்குகள். ஏதென்ஸின் அட்டிகா பகுதி சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். ஸ்பார்ட்டா தன் லக்கோனியாவோடு பக்கத்து மெசீனியாவையும் பிடித்து வைத்திருந்ததால் அதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான நிலம் அதன் கையில் இருந்தது.

ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள் இருந்தது உண்மையா?

உண்மை. அகியாட், யூரிபோன்டிட் என்று இரண்டு அரச குடும்பங்கள். இரண்டிலிருந்தும் ஒவ்வோர் அரசர். போரில் படையை நடத்துவது, வேள்விகள் செய்வது, சில குடும்ப வழக்குகளைத் தீர்ப்பது ஆகியவை அவர்களுடைய வேலை. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் அட்டிகா மீது படையெடுத்தபோது கிளியோமினிஸ், டெமரட்டஸ் என்ற இரண்டு அரசர்களும் களத்திலேயே முரண்பட்டுப் படை கலைந்தது. அதன்பிறகு ஒரு போருக்கு ஓர் அரசர்தான் போகலாம் என்று சட்டம் போட்டார்கள்.

அரசர் என்றதும் நமக்குத் தோன்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. மாதந்தோறும் அரசர்களும் எஃபர்கள் என்ற ஐந்து அதிகாரிகளும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்வார்கள். சட்டப்படி ஆள்வேன் என்பது அரசரின் சத்தியம். நீங்கள் அந்தச் சொல்லைக் காப்பாற்றும்வரை அரசபதவியை அசைக்க மாட்டோம் என்பது நகரத்தின் சார்பில் எஃபர்கள் கொடுக்கும் சத்தியம். போருக்குப் போகும்போதும் இரண்டு எஃபர்கள் கூடவே போய்க் கண்காணிப்பார்கள். தவறு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு நாட்டைவிட்டு ஓடிய ஸ்பார்ட்டா அரசர்கள் பலர்.

அப்படியானால் ஸ்பார்ட்டா முடியாட்சியா, மக்களாட்சியா?

பழங்காலத்திலேயே இதற்கு ஒத்த பதில் கிடையாது. எல்லாம் கலந்தது என்று அரிஸ்டாட்டில் காலத்தில் பலர் புகழ்ந்தார்கள். அரசர் இருவர். முதியோர் மன்றம் ஒன்று: 60 வயது கடந்த 28 பேரும் இரண்டு அரசர்களும் சேர்ந்து 30 பேர், சாகும்வரை பதவி. ஆண்டுக்கு ஒருமுறை மாறும் எஃபர்கள் ஐவர். இவற்றுக்குக் கீழே குடிமக்கள் சபை.

சபையில் வாக்கெடுப்பு சத்தத்தால் நடந்தது. யாருக்கு அதிக ஆரவாரம் எழுகிறதோ அவர் வென்றவர். இது சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். ஏதென்ஸோடு போர் வேண்டுமா என்று 432இல் கேட்டபோது, ஸ்தெனலாய்டஸ் என்ற எஃபர், சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று கூறி, மக்களை இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கச் சொன்னார். யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்படி ஆனதும், போரை வேண்டிய பக்கம் மிகப் பெரிதாக இருந்தது.

என் பார்வையில் இதை ஒரு சிலரின் ஆட்சி என்று சொல்வதே பொருத்தம். முதியோர் மன்றத்தில் விவாதித்து முடித்ததைத்தான் சபைக்குக் கொண்டுவருவார்கள். சாதாரண ஸ்பார்ட்டன் எழுந்து நின்று புதுத் தீர்மானம் கொண்டுவர வழி இல்லை. எஃபர் பதவிக்கு மட்டும் எந்தக் குடிமகனும் வரலாம். அந்த ஐந்து இடங்கள்தான் அவர்களுக்குக் கிடைத்த உண்மையான வாய்ப்பு.

ஏதென்ஸில் மக்களாட்சியை யார் கொண்டுவந்தது?

ஒரு ஆள் இல்லை, ஒரு நாளில் வந்ததும் இல்லை. கதை கடனில் தொடங்குகிறது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்டிகாவில் சிறு விவசாயிகள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். தன் உடலையே அடகு வைத்துக் கடன் வாங்கும் வழக்கம் இருந்தது. திருப்ப முடியாதவர் அடிமையானார். சிலரை வெளியூருக்கே விற்றுவிட்டார்கள். நிலைமை கலவரத்தை நெருங்கியபோது, 594இல் சோலோன் என்பவரிடம் இரு தரப்பும் பொறுப்பைக் கொடுத்தன. அவர் கடன்களை ரத்து செய்தார். குடிமகனைக் கடனுக்காக அடிமையாக்குவதைத் தடை செய்தார். பதவிகளைப் பிறப்போடு கட்டாமல் விளைச்சல் அளவோடு கட்டி நான்கு வகுப்புகள் ஆக்கினார்.

இந்த ஒரு தடைதான் ஏதென்ஸின் போக்கையே மாற்றியது என்று நினைக்கிறேன். சொந்த ஏழையை அடிமையாக்க முடியாது என்றானபின், பணக்காரர்களுக்கு வேலையாள் வேண்டுமானால் வெளியிலிருந்து வாங்க வேண்டும். ஏதென்ஸ் ஏழைக்குச் சுதந்திரம் உறுதியானதும், திரேஸிலிருந்தும் ஆசியாமைனரிலிருந்தும் அடிமைகளை வாங்கிக் குவித்ததும் சேர்ந்தே வளர்ந்தவை.

அப்புறம் பைசிஸ்டிரட்டஸ் என்ற சர்வாதிகாரியும் அவர் மகன் ஹிப்பியஸும் ஆண்டார்கள். ஹிப்பியஸை 510இல் விரட்டியது ஸ்பார்ட்டா படை. தனக்கு வேண்டிய சிலரை ஆட்சியில் உட்கார வைக்கலாம் என்று ஸ்பார்ட்டா எதிர்பார்த்தது. நடந்தது வேறு. 508இல் கிளைஸ்தனிஸ் மக்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு அமைப்பையே மாற்றினார். பழைய நான்கு குலங்களை ஓரங்கட்டிவிட்டுப் பத்துப் புதிய குலங்களை அமைத்தார். ஒவ்வொன்றிலும் கடற்கரை ஊர், உள்நாட்டு ஊர், நகரப் பகுதி என மூன்றும் கலந்திருக்கும். ஒரு வட்டாரத்துப் பெரிய குடும்பம் தன் ஆட்களை மட்டும் திரட்டிக்கொண்டு வருவது இதனால் கடினமானது. குடியுரிமை 139 ஊர்ப் பிரிவுகளின் பதிவேட்டில் எழுதப்பட்டது.

கடைசிப் படி 462இல். எஃபியால்டிஸ் என்பவர் முன்னாள் உயரதிகாரிகள் நிறைந்த அரியோபாகஸ் மன்றத்தின் அரசியல் அதிகாரங்களைப் பறித்து மக்களிடம் கொடுத்தார். விரைவிலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து பெரிக்கிள்ஸ் என்ற தலைவர் தொடர்ந்தார்.

ஏதென்ஸில் அதிகாரிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது ஏன்?

தேர்தல் வைத்தால் பெயர் பெற்றவனும் பணக்காரனும்தான் ஜெயிப்பான் என்று அவர்கள் நம்பினார்கள். குலுக்கல்தான் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலர் ஆட்சிக்கு உரியது என்பது அன்றைய பொதுவான கருத்து. அரிஸ்டாட்டிலும் அதைக் குறிப்பிடுகிறார்.

ஐநூற்றுவர் மன்றம் குடிமக்கள் சபைக்கு வேண்டிய அலுவல்களைத் தயாரித்தது. குலத்துக்கு 50 பேர், எல்லோரும் குலுக்கலில் வந்தவர்கள், ஓராண்டுப் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், குடிமக்களில் பெரும் பங்கினர் எப்போதாவது ஒருமுறை அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்குகளுக்கு 6,000 நடுவர்கள் கொண்ட பட்டியல். ஒரு வழக்குக்கு 201, 501 என்று பெரிய அவைகள். எந்த நடுவர் எந்த அவைக்கு என்பதைக் கல்லில் வெட்டிய துளைகளில் பெயர்த் தகடுகளைச் செருகி, உருண்டைகள் விழும் வரிசையால் முடிவு செய்தார்கள். அன்று காலைவரை யாருக்கும் தெரியாததால் முன்கூட்டியே லஞ்சம் கொடுக்க முடியாது. அந்தக் கற்களின் உடைந்த துண்டுகளை இன்றும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

போர்த் தளபதிகள் பத்துப் பேரை மட்டும் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். பெரிக்கிள்ஸ் தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் தளபதியாக இருந்தது இப்படித்தான். அவருக்கு வேறு பெரிய பட்டம் எதுவும் கிடையாது.

ஏழைகள் ஏன் இவ்வளவு செல்வாக்குப் பெற்றார்கள் என்றால், கப்பல்களைப் பார்க்க வேண்டும். லாரியன் சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தபோது அதை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்ளாமல் போர்க்கப்பல் கட்டலாம் என்று தெமிஸ்டோக்ளிஸ் என்ற தலைவர் மக்களை இணங்க வைத்தார். மூன்றடுக்குக் கப்பல் ஒன்றுக்கு 170 துடுப்புக்காரர்கள் வேண்டும். கவசம் வாங்க வசதியில்லாத மனிதனும் துடுப்புப் போடலாம். சலாமிஸில் 480இல் பாரசீகரை வென்றது அந்தக் கப்பல்கள். மக்களாட்சியை வெறுத்த, பெயர் தெரியாத அக்கால எழுத்தாளர் ஒருவரே, நகரத்துக்கு வலிமை தருபவர்கள் துடுப்புப் போடுபவர்கள், ஆகையால் அவர்களுக்கு அதிகாரம் கிடைப்பது நியாயம் என்று ஒப்புக்கொள்கிறார்.

ஓட்டுச்சில்லில் பெயர் எழுதி நாடு கடத்துவார்களாமே?

ஆமாம். ஆண்டுக்கு ஒருமுறை, இந்த ஆண்டு யாரையாவது அனுப்ப வேண்டுமா என்று சபையில் கேட்பார்கள். வேண்டும் என்றால் தனியாக ஒருநாள் வாக்கெடுப்பு. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 வாக்கு விழுந்தால், முதலிடத்தில் வந்தவர் பத்து ஆண்டுகள் ஊரைவிட்டுப் போக வேண்டும். சொத்து அவருடையதே, குடியுரிமையும் போகாது. குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது.

தெமிஸ்டோக்ளிஸும் இப்படி அனுப்பப்பட்டவர்தான். ஏதென்ஸ் கோட்டைக் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு பழைய கிணற்றில் அவர் பெயர் எழுதிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் சிலர் மட்டுமே உட்கார்ந்து மொத்தமாக எழுதியது தெரிகிறது. எதிராளிகள் முன்கூட்டியே எழுதிவைத்து விநியோகிக்க நினைத்திருக்கிறார்கள்.

ஏதென்ஸில் உண்மையில் எத்தனை பேருக்கு உரிமை இருந்தது?

வயதுவந்த ஆண் குடிமக்களுக்கு மட்டும். 4ஆம் நூற்றாண்டில் அது ஏறத்தாழ 30,000 பேர். அதற்கு முந்தைய நூற்றாண்டில், பெரிக்கிள்ஸ் காலத்தில், இன்னும் அதிகம். பெண்களுக்கு இல்லை. அடிமைகளுக்கு இல்லை. மெட்டிக்குகள் என்ற குடியேறிகளுக்கும் இல்லை. இவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து, வியாபாரம் செய்து, படையிலும் சேர்ந்து, அதற்கு மேல் ஆண் ஒருவருக்கு ஆண்டுக்கு 12 டிராக்மா தலைவரி கட்டினார்கள். நிலம் வாங்கவும் உரிமை இல்லை.

451இல் பெரிக்கிள்ஸ் கதவை இன்னும் இறுக்கினார். தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிவழியாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. பிறகு ஏதென்ஸில் பரவிய கொள்ளைநோயில் அவருடைய இரண்டு மகன்களும் இறந்துபோனார்கள். மிலேட்டஸ் ஊர்ப் பெண் அஸ்பாசியாவுக்கும் அவருக்கும் பிறந்த மகன்தான் மிச்சம். தன் சட்டத்திலிருந்தே அந்தப் பிள்ளைக்கு விலக்குக் கேட்டு மக்களிடம் நின்றார், மக்கள் கொடுத்தார்கள். அந்த இளைய பெரிக்கிள்ஸ் வளர்ந்து தளபதியானார். அர்கினூசே கடற்போரில் 406இல் வென்றபின், புயலில் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்று சொல்லி, ஆறு தளபதிகளை ஒரே வாக்கெடுப்பில் சபை கொன்றது. அதில் அவரும் ஒருவர். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அன்று தலைமைக் குழுவில் குலுக்கலில் வந்து உட்கார்ந்திருந்த சாக்ரடீஸ் இது சட்டவிரோதம் என்று கடைசிவரை மறுத்தார். மக்கள் பின்னால் வருந்தினார்கள். போன உயிர் போனதுதான்.

ஹெலட்டுகள் யார்? ஏதென்ஸ் அடிமைகளிலிருந்து எப்படி வேறுபட்டவர்கள்?

ஸ்பார்ட்டாவைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் திறவுகோல். ஸ்பார்ட்டா 8, 7ஆம் நூற்றாண்டுகளில் மெசீனியாவைப் பிடித்து அங்கிருந்த கிரேக்கர்களையே பண்ணையடிமைகள் ஆக்கியது. லக்கோனியாவிலும் ஹெலட்டுகள் இருந்தார்கள். அவர்களைச் சந்தையில் வாங்குவதில்லை, வெளியூருக்கு விற்பதும் இல்லை. நிலத்தோடு கட்டப்பட்டு, குடும்பமாக, ஊராக வாழ்ந்து, விளைச்சலில் பங்கை ஸ்பார்ட்டன் எஜமானுக்கு அளந்தார்கள். விளைச்சலில் பாதியைச் சுமை தாங்காத கழுதைகள் மாதிரி சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று ஸ்பார்ட்டாவின் சொந்தக் கவிஞர் டிர்டேயஸ் பாடியிருக்கிறார்.

ஏதென்ஸ் அடிமைகள் பல ஊர்களிலிருந்து, பல மொழி பேசி வந்தவர்கள். ஒன்றுசேர்வது எளிதல்ல. ஹெலட்டுகளுக்கு ஒரே மொழி, மெசீனியர்களுக்குத் தாங்கள் யார் என்ற நினைவும் இருந்தது. எண்ணிக்கையிலும் எஜமானர்களைவிட மிக அதிகம். பாரசீகருக்கு எதிரான பிளாட்டயா போருக்கு 479இல் ஸ்பார்ட்டன்கள் 5,000 பேர் போனபோது ஆளுக்கு ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர் கூடப் போனார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார்.

அந்தப் பயம் ஆட்சியின் ஒவ்வொரு மூலையிலும் தெரியும். எஃபர்கள் பதவி ஏற்றதும் ஹெலட்டுகள் மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள். போர் என்று அறிவித்துவிட்டால் ஹெலட்டைக் கொல்வது பாவமாகாது. இளைஞர்களைக் கத்தியோடு கிராமப்புறத்துக்கு அனுப்பி, இரவில் வலுவான ஹெலட்டுகளைக் கொல்ல வைத்த வழக்கம் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் சொல்லும் ஒரு சம்பவம் படிக்கவே கஷ்டமானது. போரில் யார் நன்றாகப் பணியாற்றினீர்கள், முன்வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று ஹெலட்டுகளிடம் அறிவித்தார்கள். 2,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் மாலை சூடிக் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். சில நாளில் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். எப்படிக் கொன்றார்கள் என்றுகூட வெளியே தெரியவில்லை. விடுதலை கேட்கும் துணிவு உள்ளவன்தான் முதலில் கலகம் செய்வான் என்பது அவர்கள் கணக்கு.

464இல் பெரிய நிலநடுக்கம் வந்ததும் ஹெலட்டுகள் எழுந்தார்கள். அடக்க ஆண்டுகள் பிடித்தன. ஏதென்ஸிடம் உதவி கேட்டு, வந்த படையை, இவர்கள் ஹெலட்டுகள் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் 421இல் இரு நகரங்களும் செய்த உடன்படிக்கையில், அடிமைகள் எழுந்தால் ஏதென்ஸ் முழு பலத்தோடு ஸ்பார்ட்டாவுக்கு உதவ வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பதிலுக்கு ஏதென்ஸ் அப்படி ஒரு விதி கேட்கவில்லை.

இதனால் ஏதென்ஸ் அடிமைகள் நிம்மதியாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். அடிமையாக வந்து வங்கி நடத்தி விடுதலையும் குடியுரிமையும் பெற்ற பேசியோன் போன்றவர் ஓரிருவர். லாரியன் சுரங்கத்தின் இருட்டில் தவழ்ந்து வெள்ளி வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அட்டிகாவின் டிசெலியாவில் ஸ்பார்ட்டா படை 413இல் முகாமிட்டதும் 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸைவிட்டு ஓடினார்கள்.

ஸ்பார்ட்டாவில் ஏழு வயதிலேயே பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தார்களா?

ஆமாம், ஆண் பிள்ளைகளை. குழுக்களாக வளர்த்து, குறைவாகச் சாப்பாடு போட்டு, குளிரிலும் ஒரே ஆடையோடு விட்டுப் பழக்கினார்கள். சாப்பாட்டைத் திருடலாம், பிடிபட்டால் அடி. இருபது வயதில் ஒரு பொது உணவுக் குழுவில் சேர வேண்டும், ஒரு உறுப்பினர் மறுத்தாலும் இடம் கிடையாது. முப்பது வயதுவரை திருமணமானவனும் தோழர்களோடுதான் தூங்க வேண்டும். அந்த உணவுக் குழுவுக்கு மாதாமாதம் பார்லி, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் தன் நிலத்திலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவன் முழுக் குடிமகன் தகுதியை இழப்பான். இந்தச் சின்ன விதி கடைசியில் ஸ்பார்ட்டாவையே சாய்த்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பார்ட்டன்கள் தங்களைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதி வைத்தார்கள். நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் செனபோன் மாதிரி அவர்களை வியந்த ஏதென்ஸ்காரர்களும், பல நூற்றாண்டுகளுக்குப் பின் ரோமர் ஆட்சியில் வாழ்ந்த புளூட்டார்க்கும் எழுதியவை. பலவீனமான குழந்தைகளை மலைப் பள்ளத்தில் எறிந்தார்கள் என்ற புகழ்பெற்ற செய்தி புளூட்டார்க் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அதை உறுதியான உண்மையாக நான் எழுத மாட்டேன்.

பெண்களுக்கு எந்த ஊரில் நல்ல வாழ்க்கை?

குடிமக்கள் வீட்டுப் பெண்களை மட்டும் பார்த்தால் ஸ்பார்ட்டாவில். ஏதென்ஸ் பெண் சட்டப்படி எப்போதும் ஒரு ஆணின் பொறுப்பில் இருந்தாள்: தகப்பன், பிறகு கணவன், பிறகு மகன். ஒரு மூட்டை பார்லியின் மதிப்புக்கு மேல் கொடுக்கல் வாங்கல் செய்ய அவளுக்கு உரிமை இல்லை. ஆண் வாரிசு இல்லாமல் தகப்பன் இறந்தால், சொத்தோடு சேர்த்து மகளையும் நெருங்கிய ஆண் உறவினர் மணக்க உரிமை கோரலாம். அவள் ஏற்கெனவே வேறொருவரை மணந்திருந்தாலும் பிரித்துவிட முடிந்தது. வழிபாட்டில் மட்டும் அவர்களுக்குப் பொது இடம் இருந்தது. நகரத் தெய்வம் அதீனாவின் பூசாரி ஒரு பெண்.

ஸ்பார்ட்டாவில் சிறுமிகள் ஓடினார்கள், மல்யுத்தம் செய்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், கொஞ்சம் வயது முதிர்ந்தபின் மணந்தார்கள். நிலம் அவர்கள் பெயரிலேயே இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்களிடம் இருந்ததாக அரிஸ்டாட்டில் குறைசொல்லும் தொனியில் எழுதுகிறார். அரசர் அகெசிலாஸின் சகோதரி கினிஸ்கா 396, 392 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் தன் குதிரைகளால் தேர்ப்பந்தயம் வென்றார். கிரேக்கத்தில் இந்தக் கிரீடத்தை வென்ற ஒரே பெண் நான்தான் என்று கல்லில் எழுதி வைத்தார்.

ஆனாலும் சபையில் அவர்களுக்கு வாக்கு இல்லை. வலுவான வீரர்களைப் பெற வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் நோக்கம் என்று செனபோனே சொல்கிறார். தவிர, அந்தப் பெண்களின் ஓய்வுநேரம் நூல் நூற்று, நெய்து, மாவரைத்த ஹெலட் பெண்களால் கிடைத்தது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை.

மக்களாட்சி ஏதென்ஸ் மற்ற ஊர்களிடம் நியாயமாக நடந்ததா?

இல்லை, இதை மறைக்கக் கூடாது. பாரசீகருக்கு எதிராக 478இல் தொடங்கிய கூட்டணி விரைவில் ஏதென்ஸின் பேரரசாக மாறியது. 454இல் பொதுக் கருவூலத்தை டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கே மாற்றினார்கள். விலக நினைத்த ஊர்களைப் படை அனுப்பி அடக்கினார்கள்.

மிட்டிலினி நகரம் 427இல் கலகம் செய்து தோற்றது. ஆண்கள் எல்லோரையும் கொல்ல வேண்டும் என்று சபை முடிவெடுத்துக் கப்பலையும் அனுப்பியது. மறுநாள் மனம் உறுத்தியது. மீண்டும் கூடி, சிறு வித்தியாசத்தில் முடிவை மாற்றினார்கள். இரண்டாவது கப்பலின் துடுப்புக்காரர்கள் துடுப்புப் போட்டபடியே சாப்பிட்டு, முறைவைத்துத் தூங்கி, கட்டளையை நிறைவேற்றப்போகும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நகரம் தப்பியது. 416இல் மீலோஸ் என்ற சிறு தீவுக்கு அப்படி இரண்டாவது கப்பல் எதுவும் போகவில்லை. ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். இரண்டு முடிவையும் எடுத்தது அதே சபைதான்.

ஸ்பார்ட்டா தன் நட்பு ஊர்களிடம் கப்பம் வாங்கவில்லை. தனக்கு இசைவான சிலர் ஆட்சி அங்கே நிலைக்க வேண்டும் என்பதில் மட்டும் குறியாக இருந்தது. ஏதென்ஸை வென்றபின் அதுவும் கப்பம் வாங்கத் தொடங்கியது.

மற்ற நகரங்கள் எந்த மாதிரி?

கொரிந்த் வியாபார நகரம், நீண்ட காலம் சில செல்வந்தர்கள் ஆட்சி. தீப்ஸ் போயோஷியா வட்டாரத்தை ஒரு கூட்டாட்சியாக்கித் தலைமை தாங்கியது. சிசிலித் தீவின் சிரகூஸ், சர்வாதிகாரத்துக்கும் மக்களாட்சிக்கும் மாறி மாறிப் போனது. கிரீட் தீவில் ஸ்பார்ட்டாவைப் போலவே பொது உணவுக் குழுக்கள் இருந்தன. ஆனால் அங்கே சாப்பாட்டுச் செலவைப் பொது நிதி ஏற்றதால் ஏழை குடியுரிமை இழப்பதில்லை. ஸ்பார்ட்டாவைவிட இது மேல் என்று அரிஸ்டாட்டில் சொன்னது சரியே.

ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட போரில் தோற்றதும் ஏதென்ஸ் மக்களாட்சி அழிந்துவிட்டதா?

அழிந்து, ஓராண்டுக்குள் மீண்டும் எழுந்தது. 404இல் சரணடைந்ததும் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் ஆதரவோடு முப்பது பேர் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களின் தலைவர்களில் ஒருவரான கிரிட்டியஸ் ஸ்பார்ட்டாவைப் போற்றியவர். சில மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள், செல்வந்த மெட்டிக்குகளின் சொத்தைப் பிடுங்கினார்கள். நாடு கடந்திருந்த மக்களாட்சிக்காரர்கள் திரசிபூலஸ் தலைமையில் திரும்பி வந்து 403இல் வென்றார்கள்.

அடுத்துச் செய்ததுதான் என் மனதுக்கு ஏதென்ஸின் மிகச் சிறந்த செயல். அந்த முப்பது பேரும் அவர்களுடைய சில அதிகாரிகளும் தவிர வேறு யார்மீதும் பழையதைக் கிளற மாட்டோம் என்று ஊரே சத்தியம் செய்தது. பெரும்பாலும் அதைக் காப்பாற்றியும் விட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து 399இல் சாக்ரடீஸுக்கு மரணதண்டனை கொடுத்ததும் இதே மக்கள்தான். கிரிட்டியஸ் அவரிடம் பழகியவர் என்ற கசப்பு பலர் மனதில் இருந்திருக்கும்.

வென்ற ஸ்பார்ட்டா ஏன் சரிந்தது?

ஆள் இல்லாமல் போனது. 480இல் முழுக் குடிமக்கள் 8,000 பேர் என்று ஹெரோடோட்டஸ் தருகிறார். நிலம் சில குடும்பங்களின் கையில் குவியக் குவிய, உணவுக் குழுவுக்குப் பங்கு கட்ட முடியாதவர்கள் கீழே விழுந்துகொண்டே இருந்தார்கள். ஏதென்ஸில் ஏழையாவதால் வாக்கு போகாது. ஸ்பார்ட்டாவில் போகும். விழுந்தவர்களை மேலே தூக்கவும், ஹெலட்டுகளையோ சுற்றியிருந்த பெரியோகியர் என்ற சுதந்திர ஊர்க்காரர்களையோ குடிமக்களாகச் சேர்க்கவும் முழுக் குடிமக்கள் இசையவில்லை.

399 வாக்கில் கினடோன் என்ற தாழ்ந்த நிலை ஸ்பார்ட்டன் ஒரு சதி செய்தான். ஆள் சேர்க்கும்போது ஒருவனைச் சந்தைக்கு அழைத்துப்போய் எண்ணிப் பார்க்கச் சொன்னான். அரசர், எஃபர்கள், முதியோர் எல்லாம் சேர்த்து முழுக் குடிமக்கள் ஏறத்தாழ நாற்பது பேர். மற்றவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். இந்த நாற்பது பேரும் எதிரிகள், மற்ற எல்லோரும் நம் ஆட்கள் என்றான். சதி வெளியாகி அவனைப் பிடித்து அடித்து ஊர்வலம் விட்டார்கள். ஏன் இதைச் செய்தாய் என்று கேட்டதற்கு, ஸ்பார்ட்டாவில் யாருக்கும் கீழானவனாக இருக்கக் கூடாது என்பதற்காக என்று பதில் சொன்னதாக செனபோன் எழுதுகிறார்.

371இல் லியூக்ட்ரா களத்தில் எபமினோண்டாஸ் தலைமையிலான தீப்ஸ் படையிடம் ஸ்பார்ட்டா தோற்றது. அங்கே இருந்த முழுக் குடிமக்கள் 700 பேரில் 400 பேர் விழுந்தார்கள். மீண்டும் நிரப்ப ஆள் கிடையாது. எபமினோண்டாஸ் அடுத்த ஆண்டு லக்கோனியாவுக்குள் நுழைந்தார். மெசீனிய ஹெலட்டுகளை விடுவித்து, 369இல் இத்தோமே மலையடியில் மெசீன் என்ற புதிய நகரத்தை எழுப்ப உதவினார். வெளியூர்களுக்கு ஓடிப்போயிருந்த மெசீனியர்களின் வழிவந்தவர்களும் திரும்பி வந்து குடியேறினார்கள். ஸ்பார்ட்டா அந்த நிலத்தை மீட்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை.